மேற்கே போன பெட்டி

அத்தியாயம் 3

பெட்டி தொலைந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்து வந்த மாரிசெல்விக்கு, கதவு திறந்ததும் காதில் விழுந்தது ஒரு சண்டை. முதலில் அரண்மனைக்குப் போவதா, ராட்டினத்துக்குப் போவதா என்று.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்துப் பழைய கட்டடம், மூன்றாம் மாடி. சாப்பாட்டு மேஜை முழுக்க வியன்னா நகரத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் நாலு டப்பாக்கள். சுற்றிலும் ஐந்து மாமிகள். மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் விமானம். புருஷன்மார் யாருடைய துணையும் இல்லாமல், தாங்களே விசா வாங்கி, தாங்களே ஹோட்டல் பிடித்து, ஐந்து பேரும் வியன்னாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டிருந்தார்கள். அதில் ஒருத்தியின் பெட்டி நேற்றுக் காலையில் கூடத்திலிருந்து காணாமல் போய்விட்டது. பாஸ்போர்ட் பெட்டிக்குள்ளே. அதற்காக ஊர் சுற்றும் திட்டத்தை நிறுத்திவிட முடியுமா? மாமிகள் நிறுத்தவில்லை.

"டிராம்ல ஏறினா முதல்ல வரது அரண்மனைதான். ஆயிரத்துக்கு மேலே ரூம் இருக்காம்," என்றாள் குழுவின் தலைவி ஷ்யாமளா மாமி. கையில் சிவப்புப் பென்சில் வைத்திருந்தாள்.

"ஆயிரம் ரூமையும் பெருக்கித் துடைக்கறவாளை நெனச்சா நேக்கு இப்பவே இடுப்பு வலிக்கறது. ராட்டினம்தான் முதல்ல," என்றாள் அம்மிணி மாமி. பெட்டியைத் தொலைத்தவள் இவள்தான்.

கணேசபாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். தாராவியில் தையல் கடை ஒன்றின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. மாப்பிள்ளை சிகரெட் பிடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா என்று பார்த்துப் பார்த்தே மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு நல்ல திருட்டு வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்த மனிதர். மாரிசெல்வி அவருடைய உதவியாளர். பாதி நேரம் ஸ்கூட்டர் ஓட்டுவாள், மீதி நேரம் அவரை ஓட்டுவாள்.

"அம்மா, பெட்டி எங்க இருந்துச்சு?" என்றார் கணேசபாண்டியன்.

"அதோ, செருப்பு வைக்கிற அலமாரி பக்கத்திலே. புதுப் பெட்டியாக்கும். கத்திரிப்பூ கலர். நாங்க அஞ்சு பேரும் தாராவியிலே மெஹராஜ் கடையிலேதான் வாங்கினோம். சைஸ் ஒண்ணு, கலர் மாத்திரம் வேற வேற."

"பெட்டிக்குப் பக்கத்துல வேற என்ன இருந்துச்சு?"

"என் ஹேண்ட்பேக். செயின், போன் எல்லாம் அதிலேதான் இருந்தது. அது அப்படியே இருக்கு."

"நகைய விட்டுட்டு நைட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கான்," என்றாள் மாரிசெல்வி. "ஏக்தம் புது டைப் களவாணி அண்ணாச்சி."

அம்மிணி மாமி இரண்டு பேரையும் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"வெளியிலேர்ந்து யாரும் வரலை. எங்காத்துக்காரர்தான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கார்."

"உங்க வீட்டுக்காரரு பஞ்சு சாரா?"

"வேற யாரு? இன்ஷூரன்ஸ் ஆபீசிலேர்ந்து ரிடையர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, அந்த மனுஷனுக்கு ஒரு டம்ளர் காப்பி கலக்கத் தெரியாது. நான் ஊருக்குப் போயிட்டா யார் கலந்து குடுப்பா? அதான். எல்லார் முன்னாலேயும் கேட்டேன். 'நான் தொடவே இல்லை'ன்னு சத்தியம் பண்றார். முகத்தைப் பார்த்தாலே பொய்னு தெரியறது."

"போலீசுக்குப் போகலியாம்மா?"

"கட்டின புருஷனை நானே பிடிச்சுக் குடுக்கறதா? நன்னாருக்கு. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்." மாமியின் குரல் சட்டென்று கம்மியது. "பாண்டியன் சார், பாந்த்ரா திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் போவோம். ராட்டினத்துல ஏறணும்னு நான் நிப்பேன். தலை சுத்தும், வேண்டாம்னு கையைப் பிடிச்சு இழுத்துண்டு வந்துடுவார். ஒரு தடவை கூட ஏறவிட்டதில்லை. வியன்னாவிலே நூறு வருஷத்துக்கு மேலே சுத்திண்டிருக்கற ராட்டினம் இருக்காம். ஒரு அறை அளவுக்குக் கூண்டு. நின்னுண்டே ஊர் முழுக்கப் பாக்கலாமாம். நான் அதுல ஏறணும். பெட்டியைக் கண்டுபிடிங்கோ. எடுத்தது அவர்தான்னா மூடி மறைக்காம என்கிட்ட சொல்லிடுங்கோ. வியன்னாவிலேர்ந்து நேரா சான்பாடாவிலே பொண்ணு ஷ்ருதி ஆத்துக்குப் போயிடுவேன். இந்த ஆத்துப் படி ஏற மாட்டேன்."

மாரிசெல்விக்கு வாயில் வந்த கிண்டல் வாயிலேயே நின்றுவிட்டது. மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து, "ராட்டினம்தான் முதல்ல!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

கீழே வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து நியூஸ் பேப்பரை விசிறியாக்கிக்கொண்டிருந்தான். வெளியாள் யாரும் வரவில்லை, சத்தியம் என்றான். ஏதாவது சத்தம்? யோசித்தான். ஆமாம், நேற்றுக் காலையில் லிஃப்ட் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். அப்போது அவன் மோட்டார் போடப் போயிருந்தான். திரும்பி வந்தபோது மூன்றாம் மாடி சாகேப் எதையோ உருட்டிக்கொண்டு ஸ்டேஷன் பாலத்தின் பக்கம் போவது முதுகுப்புறமாகத் தெரிந்தது.

கணேசபாண்டியனின் மீசை நிமிர்ந்தது. "பாத்தியா செல்வி? களவாணி பெட்டியத் தூக்கிட்டுத்தான் போவான், சத்தம் வரப்பிடாதுன்னு. வீட்டுக்காரன்தான் உருட்டிட்டுப் போவான், தோள் வலிக்கப்பிடாதுன்னு."

"அப்ப கேஸ் முடிஞ்சுதா? இவ்வளவுதானா?"

"யாருன்னு தெரிஞ்சிருச்சு. ஏன், எங்கன்னு தெரியணும்லா? பெட்டிய ஒளிக்கணும்னா டாக்சி புடிச்சிருப்பாரு. இவரு நடந்து போறாரு. அதுவும் பாலம் ஏறி, ரயில் லைனைத் தாண்டி, மேக்க. அந்தப் பக்கம் அவருக்கு என்ன சோலி?"

மாரிசெல்வி லிஃப்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கம்பிக்கதவு போட்ட பழைய லிஃப்ட். உள்ளே தரையில் கறுப்பாக ஒரு கோடு நெளிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, லிஃப்டுக்குள்ள எறும்பு ஊருது."

"மாட்டுங்காவுல எறும்புகூட லிஃப்டுலதான் போவும். எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்த பழுப்புத் துணுக்கு ஒன்றை எடுத்து, ஊதி, அவர் தடுப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி! அது தடயம்!"

"நல்ல தடயம் அண்ணாச்சி. மண்ட வெல்லம்."

கணேசபாண்டியன் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தினார். "வெல்லமா? மேப்பு பறக்காம இருக்க மூலைல வச்சிருந்த டப்பாவப் பாத்தியா? நாலுல ஒண்ணு சுகர் ஃப்ரீ மாத்திரை டப்பா. அந்த வீட்டுல சாருக்குச் சக்கர வியாதி. வெல்லம் எப்படி உள்ள வந்துச்சு?"

"பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பிட்டு ரகசியமா இனிப்புத் திங்கப் பாக்காரோ?"

"பொண்டாட்டி போனாத்தானே திங்க முடியும்? பெட்டிய எதுக்கு ஒளிக்கணும்? ரெண்டும் ஒட்டலயே செல்வி."

ஒட்டத்தான் இல்லை. தலையும் வாலும் புரியாமல் இரண்டு பேரும் பஞ்சு சாரைத் தேடிக்கொண்டு போனார்கள். அவரைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. காலை நேரத்தில் அவர் எப்போதும் கோயில் தெருவிலுள்ள காப்பி ஹோட்டலில், அறிவியல் வட்டத்தின் மேஜையில் இருப்பார்.

அறிவியல் வட்டம் என்பது வேறொன்றுமில்லை. வியன்னா போகும் மாமிகளின் புருஷன்மார் ஐந்து பேர்தான். ஷ்யாமளா மாமியின் புருஷர் அனந்தகிருஷ்ணன் தலைவர். பஞ்சு செயலாளர். ஊரில் யாராவது ராகு காலம் பார்த்தால் போதும், இவர்கள் ஐந்து பேருக்கும் மூக்கில் வியர்த்துவிடும். வீட்டுப் பெண்கள் ஒரு விரதம், ஒரு வேண்டுதல் என்று வாயெடுக்க முடியாது. சிரித்தே சாகடித்துவிடுவார்கள்.

இவர்கள் உள்ளே நுழைந்தபோதும் அனந்தகிருஷ்ணன்தான் முழங்கிக்கொண்டிருந்தார். "பூமி உருண்டை ஓய்! இதிலே எந்தத் திக்கு நல்ல திக்கு, எந்தத் திக்கு கெட்ட திக்கு? நடந்துண்டே இருந்தா பொறப்பட்ட எடத்துக்கே வந்துடுவேள்!"

"கரெக்ட், கரெக்ட்," என்று மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகத் தலையாட்டினார் ஒல்லியாக, கட்டம் போட்ட சட்டை போட்டிருந்த ஒருவர். அவர்தான் பஞ்சு.

கணேசபாண்டியன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தான் யார் என்று சொன்னார். பஞ்சுவின் டபரா தடுமாறியது.

"நான் எதுக்கு ஓய் அவ பெட்டியை எடுக்கணும்? அவ வியன்னா போறதுலே நேக்கு என்ன விரோதம்? அந்த மேப்பை வாங்கிக் குடுத்ததே நானாக்கும்!"

"நேத்து காலைல எங்க போனீங்க சார்?"

"வாக்கிங்."

"பெட்டியோடயா?"

பஞ்சுவின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையில் மட்டும் எறும்பு ஆடிக்கொண்டிருந்தது. மாரிசெல்விதான் முதலில் பார்த்தாள். பொத்தான் வரிசையில் ஏறி, பையின் விளிம்பைத் தாண்டி, ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று வழி தவறிக் கழுத்துக்குப் போயிருக்க வேண்டும். பஞ்சு 'ஐயோ' என்று கழுத்தில் அறைந்துகொண்டார்.

"பஞ்சு, பாக்கெட்டிலே என்ன ஓய்? பால் பாயசமா?" என்று அனந்தகிருஷ்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பஞ்சு பையைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனார். போனவர் போனவர்தான். காப்பி பாதியில் ஆறிக்கொண்டிருந்தது.

"ஓடிட்டாரு! வா, புடிப்போம்!" என்று கணேசபாண்டியன் துள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

மாரிசெல்வி பூக்கடை வரிசைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள். "ஓடட்டும் அண்ணாச்சி. சுகர்காரரு எவ்வளவு தூரம் ஓடிருவாரு. வெள்ளிக்கிழமை. மேக்க. வெல்லம். இந்த மூணையும் சேத்து எங்கயோ பாத்திருக்கேன். எங்கன்னுதான் வர மாட்டேங்கு."

"இன்னைக்கு வியாழக்கிழமைலா. வெள்ளிக்கிழமை எங்கேருந்து வந்துச்சு?"

"மாமி போறது வெள்ளிக்கிழமைலா? வியன்னா எந்தப் பக்கம்? மேக்கதானே? இருங்க, ஒரு போன் போட்டுக்கிடுதேன்."

தாராவியில் இருக்கும் தன் அம்மா பேராச்சியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"எம்மா, வெள்ளிக்கிழமை மேக்க பயணம் போலாமா?"

"போவக்கூடாதுட்டி. வெள்ளிக்கிழமை மேக்க சூலம்லா. நம்ம வீட்டுக் காலண்டர்ல தெனமும் அடியில போட்டிருக்குமே, படிச்சாத்தானே? ஆமா, நீ எங்க போற?"

"நான் போகல. ஒரு மாமி போறாவ. பிளேன் டிக்கெட். மாத்த முடியாது."

"அப்ப கெளம்புதப்ப வெல்லத்த வாயில போட்டுட்டுப் போவச் சொல்லு. அதான் பரிகாரம்."

கணேசபாண்டியனின் கண்கள் அகலமாகின. மாரிசெல்வி விடவில்லை. "வெல்லம் பத்தாதுன்னு பயந்தாவன்னா?"

"அவ்வளவு பயந்தவியளா? அப்படின்னா முந்தியே ஒரு நல்ல நேரம் பாத்து, கொண்டுபோற சாமான்ல ஒண்ண எடுத்துட்டுப் போயி, அந்தத் தெசையில யாரு வீட்டுலயாவது வச்சிரணும். அன்னைக்கே பயணம் கெளம்பியாச்சுன்னு கணக்கு. வெள்ளிக்கிழமை போற வழியில அத எடுத்துக்கிட்டா, சூலம் ஒண்ணும் செய்யாது. ஆனா நடுவுல அத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்திரப்பிடாது. கொண்டாந்தா பயணம் தடங்கல்."

"சூலத்தையே ஏமாத்திருவியளா?"

"வாய மூடுட்டி. வரும்போது அரைக் கிலோ வெண்டிக்கா வாங்கிட்டு வா."

போன் வைக்கப்பட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். பூக்கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். அறிவியல் வட்டத்தின் செயலாளர், சட்டைப் பையில் வெல்லத்தோடு, பெண்டாட்டியின் பெட்டியை உருட்டிக்கொண்டு, நல்ல நேரம் பார்த்து மேற்கே போயிருக்கிறார்!

"வெளிய சொன்னா மானம் போச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் கணேசபாண்டியன். "பெட்டி காணோம்னு மாமி கூப்பாடு போட்டப்ப அனந்தகிருஷ்ணன் சாரும் கூடத்துல நின்னிருப்பாரு. அவரு முன்னாடி 'நான் தொடல'ன்னு வாய விட்டுட்டாரு மனுசன். அதுக்குப் பொறவு எறங்கி வர முடியல. எப்படியாவது நாளைக்குப் போற வழியில எடுத்துக் குடுத்திரலாம்னு பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருக்காரு."

"எந்த வீட்டுல வச்சிருப்பாரு?"

இங்கேதான் கணேசபாண்டியன் தன் துப்பறியும் மூளையைக் காட்டினார். மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மாட்டுங்கா ஆளுக வீட்டுல வைக்க மாட்டாரு. பாத்ததுமே வெவரம் புரிஞ்சிரும், சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா சிரிக்கும். இந்தச் சமாச்சாரம் தெரியாத ஆளா இருக்கணும். லைனுக்கு மேக்க இருக்கணும். ஏர்போர்ட் போற வழியா இருக்கணும். ஒரு பெட்டி வந்து நின்னா 'என்ன பெட்டி'ன்னு யாரும் கேக்காத எடமா இருக்கணும்."

"மெஹராஜ் அக்கா கட!" என்று மாரிசெல்வி ஸ்கூட்டரை உதைத்தாள்.

தாராவி, அறுபது அடி ரோடு. மெஹராஜ் அக்காவின் கடையில் தரையிலிருந்து கூரை வரை பைகள். வாசலில் பள்ளிக்கூடப் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. உள்ளே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி ஒரு பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாட்டுங்கா ஐயரு ஒருத்தரு கத்திரிப்பூ கலர் பெட்டி ஒண்ணு வச்சிட்டுப் போனாரா?"

"எந்த ஐயரு? எந்தப் பெட்டி?" என்றாள் மெஹராஜ் அக்கா. கண் மட்டும் பின்பக்கத் திரையைப் பார்த்துவிட்டு வந்தது.

"அக்கா, அந்த மாமியோட பாஸ்போர்ட்டு அதுல இருக்கு. நாளைக்கு பிளேனு. அவரு எதுக்கு எடுத்தாருன்னு தெரியாம அந்த அம்மா புருசன விட்டுட்டுப் போறதா இருக்காவ."

மெஹராஜ் அக்கா நெற்றியில் கை வைத்தாள். "அல்லாவே! சொல்லப்பிடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டுப் போனாரும்மா. அவரு மட்டுமா? அஞ்சு பேரும் வாங்கிட்டுப் போனாவளே!"

"அஞ்சு பேரா?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

மெஹராஜ் அக்கா திரையை விலக்கினாள். சுவரோரம், ஒரு பழைய பெஞ்சின் மேல், கத்திரிப்பூ நிறத்தில் பெட்டி. அதன் பக்கத்தில் பூப்போட்ட குடை. அதன் பக்கத்தில் கழுத்துக்கு வைத்துக்கொள்ளும் தலையணை. அதன் பக்கத்தில் வெந்நீர்ப் பை. கடைசியில், ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக மடித்து, ஒரே ஒரு கம்பளி சாக்ஸ்.

"நேத்து காலைல ஒருத்தரு போக ஒருத்தரு. எல்லாருக்கும் ஒரே அவசரம், அதே நேரம். குடைய வச்சவரு ரிப்பேருன்னாரு. விரிச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. சாக்ஸ் குடுத்தவரு தலைவராம்லா, அவரு இதே அளவுல இன்னொண்ணு வேணும், சாம்பிளுக்கு வச்சுக்கோன்னாரு. ஏங்கிட்ட சாக்ஸே கெடையாது! அந்த நேரம் பாத்து இந்தப் பெட்டிக்கார ஐயரு வாறாரு. தலைவரு பாஞ்சு போயி, அந்தா தொங்குது பாரு இஸ்கூல் பை, அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாரு. வேட்டி மட்டும் தெரியுது. இவரு போற வரைக்கும் மூச்சு விடலியே!"

மாரிசெல்வி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொறப்பட்ட எடத்துக்கே வந்துடுவேள் என்று முழங்கிய மனிதரின் ஒற்றை சாக்ஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, மத்த நாலு மாமியும் ஏன் தேடலன்னு இப்பத் தெரியுது. குடையும் சாக்ஸும் காணோம்னு யாரு பாப்பா? நம்ம பஞ்சு சாருதான் ஒரு கர்ச்சீப்பு போதாதுன்னு முழுப் பெட்டியவே தூக்கியாந்துட்டாரு."

"ரொம்பப் பயந்தவரு," என்றார் கணேசபாண்டியன். அவர் சிரிக்கவில்லை. "செல்வி, மாமிக்குப் போன் போடு. நேரா சொல்லணும்னு கேட்டிருக்காவ. இங்க வந்தே பாக்கட்டும்."

அம்மிணி மாமி டாக்சியில் தனியாக வந்து இறங்கினாள். பெஞ்சில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் முகம் சிவந்தது. மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

"அவர்தானே?"

"அவர்தாம்மா," என்றார் கணேசபாண்டியன்.

"தெரியும். நேக்குத் தெரியும்." நேராகப் போய்ப் பெட்டியின் முன்பக்க ஜிப்பைத் திறந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள், மறுபடி உள்ளே வைத்து மூடினாள். போனை எடுத்தாள். "ஷ்ருதிகிட்ட சொல்லிடறேன். திரும்பி வந்ததும் அங்கேதான்னு."

"மாமி, அதுக்கு முன்னாடி பக்கத்துல பாருங்க," என்றாள் மாரிசெல்வி.

மாமி பார்த்தாள். "இது ஷ்யாமளாவோட சாக்ஸ்னா! என்கூடத்தானே வாங்கினா. இந்தக் குடை..." பேச்சு நின்றது. பெட்டியைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், சாக்ஸைப் பார்த்தாள். ரோட்டுப் பக்கம் திரும்பி வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பரஸ்தானம்!" என்றாள்.

"அதுக்குப் பேரு அதுவா?" என்றார் கணேசபாண்டியன்.

"கல்யாணம் ஆன புதுசுலே நான் ஒரு தடவை வெச்சேன். ஒரு புடவையை எதிராத்துலே கொண்டு வெச்சேன். அவர் சிரிச்ச சிரிப்பிலே அதோட எல்லாத்தையும் விட்டுட்டேன். இந்த மனுஷனா? இவரா வெச்சார்?"

"வந்து வந்து பாக்காரும்மா," என்றாள் மெஹராஜ் அக்கா. "இன்னைக்குக் காலைலயும் வந்தாரு. இப்ப கொஞ்ச நேரத்துக்கு முன்னாடியும் ஓட்டமும் நடையுமா வந்து, தொட்டுப் பாத்துட்டுப் போனாரு. நேத்து வைக்கும்போது பெட்டி மேல கையை வச்சிட்டு நின்னாரு. என்ன சாமின்னு கேட்டேன். 'அவ அங்க போயி பெரிய ராட்டினத்துல ஏறப்போறாம்மா. உசரம். நான் பக்கத்துல இருக்க மாட்டேன். நல்லபடியா எறங்கி வரணும்'னாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு."

அம்மிணி மாமி பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். முதலில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். மெஹராஜ் அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். மாமி குடித்தாள், புரையேறியது, மறுபடி சிரித்தாள். மாரிசெல்வி, தன் கண்ணை அண்ணாச்சி பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணாச்சியும் அதே காரணத்துக்காக வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"சரிம்மா, பெட்டிய டாக்சில ஏத்தச் சொல்லட்டுமா?" என்றார் கடைசியில்.

"ஐயையோ, தொடாதேங்கோ!" மாமி துள்ளி எழுந்தாள். "ஆத்துக்குத் திருப்பிக் கொண்டு போனா எல்லாம் போச்சு. அது இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு வழியிலே எடுத்துக்கறேன். மத்தவாளோடதும் அப்படியே இருக்கட்டும். அவா கிட்ட நான் சொல்லப்போறதில்லை."

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. பஞ்சு. மாமி அதைக் காதில் வைத்தாள். கடை சின்னது. அந்தப் பக்கக் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மிணி, எங்கே இருக்கே? நான் ஆத்துக்கு வந்துட்டேன். இங்கே எல்லாரும் இருக்கா, அனந்தகிருஷ்ணனும் இருக்கார். இருக்கட்டும். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். பெட்டி எங்கே இருக்குன்னு நேக்குத் தெரியும். நான்தான் எடுத்தேன். ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணிட்டேன். இதோ போய் எடுத்துண்டு வந்துடறேன், நீ நாளைக்கு நன்னா போயிட்டு வா. வெள்ளிக்கிழமையா இருந்தா என்ன..."

"ஒண்ணும் எடுத்துண்டு வரவேண்டாம்," என்றாள் அம்மிணி மாமி. "நான் நேத்தே கிளம்பியாச்சு, கேட்டேளா?"